திரும்பும் திரையும் திரியாத தரவும்

நுழையும்முன்

கையிலுள்ள திறன்பேசியைச் சாய்த்தால் திரையும் உடன் திரும்புகிறது. நெடுக்காக இருந்த பக்கம் நொடிப்பொழுதில் அகன்ற பக்கமாக மாறுகிறது. இயல்பாகத் தோன்றும் இம்மாற்றத்தின்போது செயலிக்குள் பெரும் வேலைகள் நடைபெறுகின்றன. அவ்வேலைகள் செம்மையாக நடந்தால் பயனர் அவற்றை உணர்வதே இல்லை. பிழைபட்டால் அவர் உள்ளிட்ட தகவல் பறிபோகும். திரை மாறும்போதும் தகவல் மாறாமல் காக்கும் வழிமுறைகளை இப்பாடம் விளக்குகிறது.

கரிசல் நிலத்தில் ஒரு படிவம்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் பெரிதும் மானாவாரி நிலங்களைக் கொண்டவை. வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய் நீரையும் நம்பியே இங்கு வேளாண்மை நடைபெறுகிறது. பருத்தி, மக்காச்சோளம், மிளகாய், மல்லி, குதிரைவாலி முதலியன இம்மண்ணில் விளைகின்றன. மழை பொய்த்தாலும் இழப்பு. பருவம் தவறிப் பெய்தாலும் இழப்பு. ஆதலால் வானிலைச் செய்தி, சந்தை விலை, பயிர்க் காப்பீடு ஆகியவை இவ்வட்டார உழவர்களுக்கு அன்றாடத் தேவைகளாகிவிட்டன.

இத்தேவைகளுள் பல இன்று திறன்பேசி வழியே நிறைவேறுகின்றன. தமிழ்நாடு அரசு 2018 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘உழவன்’ செயலி, வானிலை, விலை நிலவரம், மானியத் திட்டங்கள் முதலியவற்றைத் தமிழில் தருகிறது. 2016 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வெள்ளம் சூழ்தல் போன்ற இட அளவிலான பேரிடராலோ, அறுவடைக்குப்பின் வயலில் காயும் விளைச்சல் பருவம் தவறிய மழையில் நனைவதாலோ இழப்பு நேர்ந்தால், 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அவ்வாறு தெரிவிக்கும் வழிகளுள் செயலியும் ஒன்று.

இச்சூழலில், பயிரிழப்பைப் பதிவுசெய்யும் ஒரு செயலியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். உழவர் ஒருவர் வயல் வரப்பில் நின்று புல எண், உட்பிரிவு எண், பயிரின் பெயர், பரப்பளவு ஆகியவற்றை உள்ளிடுகிறார். நான்கு புகைப்படங்களுள் மூன்றை எடுத்தாயிற்று. நான்காவது படத்தில் வயல் முழுவதும் அடங்க வேண்டுமென்று கருவியைக் கிடையாகத் திருப்புகிறார். படமெடுத்து முடித்ததும் படிவம் அகன்ற வடிவில் மீண்டும் தோன்றுகிறது. புல எண் இருக்கிறது. ஆனால் எடுத்த படங்கள் இல்லை. தெரிவுசெய்த பயிர் இல்லை. படிவமோ முதற்பக்கத்திற்குச் சென்றுவிட்டது. நண்பகல் வெயிலில், மின்கலத்தின் ஆற்றலும் குறைந்த நிலையில், அவர் அனைத்தையும் மீண்டும் தொடங்க வேண்டியுள்ளது. பிழை அவருடையதன்று, திரை திரும்பும் என்பதை எண்ணிப்பாராமல் எழுதப்பட்ட நிரலினுடையது.

புவியீர்ப்பு காட்டும் திசை

கருவி திரும்பியதைத் திறன்பேசி அறிவது முடுக்கமானி என்னும் உணரியால் ஆகும். சிலிக்கானில் செதுக்கப்பட்ட மிக நுண்ணிய நிறை ஒன்று, வில் போன்ற மெல்லிய தாங்கிகளால் இதனுள் பிணைக்கப்பட்டிருக்கும். கருவி சாயும்போது புவியீர்ப்பினால் அந்நிறை சற்றே இடம்பெயரும். அதனால் அருகிலுள்ள தகடுகளுக்கிடையே மின்தேக்குத்திறன் மாறும். அம்மாற்றத்தை அளந்து, நீளவாக்கு, அகலவாக்கு, தடிப்புவாக்கு ஆகிய மூன்று அச்சுகளிலும் செயற்படும் முடுக்கத்தை உணரி கணக்கிடுகிறது.

அசையாமல் நிமிர்த்திப் பிடித்த கருவியில் ஏறத்தாழ 9.8 மீட்டர்/வினாடி² என்னும் ஈர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு நீளவாக்கு அச்சில் பதிவாகும். இது நெடுக்குநிலை. பக்கவாட்டில் திருப்பினால் அதே மதிப்பு அகலவாக்கு அச்சிற்கு மாறும். இது கிடைநிலை. கருவியை மேசைமீது மட்டமாக வைத்தால் ஈர்ப்பு தடிப்புவாக்கு அச்சில் விழுவதால், எது மேல், எது கீழ் என்பதை உணரியால் கூற இயலாது. எனவே திரை முன்னிருந்த நிலையிலேயே நிற்கும். சிறு அசைவுக்கெல்லாம் திரை சுழலாதிருக்க, சாய்வு ஓர் எல்லையைக் கடந்த பின்னரே இயங்குதளம் திரையைத் திருப்புகிறது.

பிரித்துக் கட்டப்படும் திரை

ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகிய இரண்டும் பரவலாக வழங்கும் இயங்குதளங்கள். ஓர் இயங்குதளத்திற்கென்றே, அதன் கருவிகளைக் கொண்டு எழுதப்படும் செயலியை இயல்செயலி எனலாம். திரைத் திருப்பத்தை இவ்விரு தளங்களும் வெவ்வேறு முறைகளில் கையாள்கின்றன.

ஆண்ட்ராய்டில் ஒரு திரைக்குப் பொறுப்பான நிரற்பகுதி ‘ஆக்டிவிட்டி’ எனப்படும். திரை திரும்பும்போது, நிரலாளர் வேறு ஏற்பாடு செய்யாவிடில், தளம் அந்த ஆக்டிவிட்டியை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கும். புதிய நிலைக்கேற்ற அமைப்பு, படம், சொற்கள் ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்தே சரியாக எடுத்துக்கொள்வதற்கான எளிய வழி இது. வீட்டின் வாயிலைக் கிழக்கிலிருந்து வடக்கிற்கு மாற்றும்பொழுது, சுவரைச் சுவராக நகர்த்துவதைவிட முழுவதும் பிரித்துக் கட்டுவது எளிதாதல் போன்றது இது. ஆனால், வீட்டைப் பிரிக்குமுன் உள்ளிருக்கும் பொருள்களை வெளியே எடுத்து வைத்தல் வேண்டும். எடுத்து வைக்கத் தவறிய பொருள் இடிபாட்டோடு போகும்.

உரைப்பெட்டியில் தட்டச்சிட்ட எழுத்துகளை, அப்பெட்டிக்குத் தனி அடையாளம் தரப்பட்டிருந்தால், தளமே மீட்டுத் தரும். மேற்காட்டிய எடுத்துக்காட்டில் புல எண் மட்டும் எஞ்சியதற்குக் காரணம் இதுவே. எடுத்த படங்கள், கணக்கிட்ட பரப்பு, பயனர் நின்றிருந்த பக்கம் முதலியவற்றைக் காப்பது நிரலாளரின் பொறுப்பு.

ஐஓஎஸ் தளத்தில் திரைக்குப் பொறுப்பான பொருள் அழிக்கப்படுவதில்லை. இனி வரவிருக்கும் அளவைத் தளம் முன்கூட்டியே அறிவிக்கிறது. அதற்கேற்பச் செயலி தன் உறுப்புகளை இடம் மாற்றிக்கொள்கிறது. எனினும், பின்னணியில் கிடக்கும் செயலியை நினைவகத் தேவைக்காக நிறுத்திவிடும் வழக்கம் அத்தளத்திலும் உண்டு. ஆதலால் தரவைக் காக்கும் கடமை இரு தளத்திற்கும் பொதுவானது.

தறியும் அட்டையும்

அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். தறியில் பூவேலைப்பாடு நெய்வதற்குத் துளையிட்ட அட்டைகளைப் பயன்படுத்தும் முறை 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவரால் செம்மைப்படுத்தப்பட்டுப் பின்னர் உலகெங்கும் பரவியது. அம்முறையில் பூவின் வடிவம் தறிமரத்தில் இல்லை. அட்டையின் துளைகளில் இருக்கிறது. தறியைப் பிரித்து வேறிடத்தில் மாட்டினாலும், அட்டைகளை அதே வரிசையில் கோத்தால் அதே பூ மீண்டும் விழும்.

நல்ல செயலியின் அமைப்பும் இத்தகையதே. திரை என்பது தறி. தரவு என்பது அட்டை. தரவைத் திரைக்குள்ளேயே வைத்திருந்தால் திரை அழியும்போது தரவும் அழியும். தரவைத் தனியே வைத்து, எத்தனை முறை திரை புதிதாகக் கட்டப்பட்டாலும் அதிலிருந்து எடுத்துக் காட்டச் செய்தால் இழப்பு நேராது.

மூவகைக் காப்பு

ஆண்ட்ராய்டில் தரவைக் காக்க மூன்று நிலைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவிற்கே தாங்கும்.

முதலாவது, ‘வியூமாடல்’ என்னும் தரவுப்பொருள். கூகுள் நிறுவனம் 2017 ஆம் ஆண்டு இதனை அறிமுகப்படுத்தியது. ஆக்டிவிட்டி அழிந்து மீண்டும் உருவாகும்போதும் இப்பொருள் நினைவகத்தில் நிலைத்திருக்கும். புதிய ஆக்டிவிட்டி இதனோடு இணைந்துகொள்ளும். திரைத் திருப்பத்திற்கு இது தக்க காப்பு. ஆனால் செயலியின் இயக்கம் முழுவதையும் தளம் நிறுத்திவிட்டால் இதுவும் மறையும்.

இரண்டாவது, சேமித்த நிலை. ஆக்டிவிட்டி அழியக்கூடும் என்ற நிலையில், சிறு குறிப்புகளை ஒரு பொதியாகக் கட்டித் தளத்திடம் ஒப்படைப்பது இம்முறை. செயலி பின்னணியில் இருக்கும்போது தளம் அதனை நிறுத்தினாலும், பயனர் திரும்பி வரும்போது இப்பொதி திரும்பக் கிடைக்கும். இதில் பெரிய பொருள்களை வைத்தலாகாது. ஒரு செயலி தளத்துடன் நடத்தும் பரிமாற்றங்கள் அனைத்திற்கும் ஏறத்தாழ 1 மெகாபைட் இடமே பொதுவாக உண்டு. எனவே புகைப்படத்தை இதில் இடாமல், புகைப்படம் இருக்கும் கோப்பின் முகவரியை மட்டும் இடுதல் வேண்டும். பயனர் தாமே செயலியை அண்மைப் பட்டியலிலிருந்து தள்ளி மூடினால் இப்பொதியும் நீக்கப்படும்.

மூன்றாவது, கருவியின் சேமிப்பகத்திலுள்ள கோப்பும் தரவுத்தளமும். செயலி மூடப்பட்டாலும், மின்கலம் தீர்ந்து கருவி அணைந்தாலும் இவற்றிலுள்ள தரவு எஞ்சும். பயிரிழப்புப் படிவம் போன்றவற்றில் ஒவ்வொரு விவரமும் உள்ளிடப்பட்டவுடனேயே வரைவாகத் தரவுத்தளத்தில் எழுதப்படுதல் வேண்டும். இணைய இணைப்பு இல்லாத காட்டுப்பகுதியில் நிரப்பிய வரைவை, ஊருக்குத் திரும்பிய பின் அனுப்பவும் இதுவே உதவும்.

இம்மூன்றும் ஒன்றற்கு ஒன்று மாற்றாகா. திரையில் விரைந்து காட்டுவதற்கு முதலாவதும், பயனர் எங்கே விட்டார் என்பதை நினைவிற்கொள்ள இரண்டாவதும், உழைத்துத் திரட்டிய தகவலைக் காக்க மூன்றாவதும் பயன்படும்.

இடத்தை அளந்து அடுக்குதல்

தரவு தப்பியதும் பணி முடிந்துவிடுவதில்லை. புதிய வடிவத்தில் அது படிக்கத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். திரைகளின் படப்புள்ளி அடர்த்தி கருவிக்குக் கருவி வேறுபடும். ஆகவே ஆண்ட்ராய்டு, அடர்த்தி சாராப் புள்ளி என்னும் அலகைப் பயன்படுத்துகிறது. இது சுருக்கமாக ‘டிபி’ எனப்படும். ஓர் அங்குலத்திற்கு 160 படப்புள்ளிகள் உள்ள திரையில் 1 டிபி என்பது ஒரு படப்புள்ளிக்குச் சமம்.

எடுத்துக்காட்டாக, 1080 படப்புள்ளி அகலமும் 2400 படப்புள்ளி உயரமும் அங்குலத்திற்கு 420 என்னும் அடர்த்தியும் கொண்ட ஒரு திறன்பேசியைக் கொள்ளலாம். அதன் அகலம் 1080 × 160 ÷ 420, அதாவது ஏறத்தாழ 411 டிபி. உயரம் ஏறத்தாழ 914 டிபி. திருப்பினால் அகலம் 914 ஆகவும் உயரம் 411 ஆகவும் மாறும்.

சாளரத்தின் அகலம் 600 டிபிக்குக் குறைந்தால் குறுகியது, 600 முதல் 840 வரை இடைத்தரம், 840 முதல் அகன்றது என ஆண்ட்ராய்டு வழிகாட்டி வகுக்கிறது. குறுகிய சாளரத்தில் விவரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவர். அகன்ற சாளரத்தில் இடப்புறம் பட்டியலும் வலப்புறம் விவரமுமாக இரு பத்திகளாக அமைப்பர். உயரத்திற்கும் இத்தகைய பகுப்பு உண்டு; 480 டிபிக்குக் குறைந்த உயரம் குட்டையானது. மேற்கண்ட திறன்பேசியைக் கிடையாகப் பிடித்தால் அகலம் மிகுதி. உயரமோ 411 டிபி மட்டுமே. விசைப்பலகை தோன்றினால் அதிலும் பெரும்பகுதி மறையும். எனவே பக்கம் மேலும் கீழும் நகரத்தக்கதாகவும், தட்டச்சிடும் பெட்டி விசைப்பலகைக்கு மேலே தெரியுமாறும் அமைதல் இன்றியமையாதது. ‘அனுப்பு’ என்னும் பொத்தான் விசைப்பலகைக்கு அடியில் மறைந்து கிடந்தால், படிவம் முழுவதையும் நிரப்பியவர்க்கும் பயனில்லை.

தமிழ்ச் செயலிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகளில் அடங்கும் சொல், தமிழில் ‘சேமிக்கவும்’ என நீளும். ஆங்கிலச் சொல்லை அளந்து பொத்தானின் அகலத்தை நிலையாக வரையறுத்தால் தமிழ்ச்சொல் பாதியில் வெட்டுப்படும். ‘கீ’ என்பதில் மேலே வளையும் சுழியும், ‘கூ’ என்பதில் கீழே இறங்கும் கோடும் முழுமையாகத் தெரிய வரியின் உயரம் போதியதாக இருத்தல் வேண்டும். முதியோர் பலர் எழுத்தளவைப் பெரிதாக்கியே படிக்கின்றனர். ஆகவே சொல்லுக்கேற்பப் பெட்டி விரிதலே முறை.

ஒரு திரையில் இரு சாளரங்கள்

செயலி திரை முழுவதையும் தனதாகக் கொண்டிருந்த காலம் மாறிவிட்டது. 2015 ஆம் ஆண்டு ஐஓஎஸ் 9 பதிப்பு, ஐபேடில் இரு செயலிகளை அருகருகே வைக்கும் வசதியைத் தந்தது. 2016 ஆம் ஆண்டு ஆண்ட்ராய்டு 7 பதிப்பு அவ்வசதியைத் திறன்பேசிக்கும் கொண்டுவந்தது. பின்னர் மடிக்கத்தக்க திரைகளும் விற்பனைக்கு வந்தன. இவற்றில் பயனர் நடுக்கோட்டை இழுக்கும்போதும், திரையை விரிக்கும்போதும் சாளரத்தின் அளவு மாறுகிறது.

பட்டா விவரத்தை ஒரு பாதியில் வைத்துக்கொண்டு, மறுபாதியில் படிவத்தை நிரப்புவது பயனர்க்கு மிகவும் எளிது. அந்நிலையில், கருவி கிடையாக இருந்தாலும் படிவத்தின் சாளரம் நெடுக்காக அமையலாம். ‘கருவி கிடையாக உள்ளது, ஆகவே இரு பத்திகள்’ என்று நிரல் முடிவுசெய்தால் எழுத்துகள் நெருங்கிப் படிக்க இயலாதவாறு ஆகும். கருவி எப்படிப் பிடிக்கப்பட்டுள்ளது என்று பாராமல், தனக்குக் கிடைத்துள்ள சாளரத்தின் அளவு எவ்வளவு என்பதையே செயலி பார்த்தல் வேண்டும்.

பூட்டிவிடுதல் தீர்வாகுமா?

திரை திரும்பாதவாறு செயலியை நெடுக்குநிலையிலேயே பூட்டிவிடுவது சிலர் கையாளும் குறுக்குவழி. வங்கிச் செயலி முதல் விளையாட்டு வரை இப்பூட்டுக்குக் காரணம் கூறுவோர் உளர். சில விளையாட்டுகளுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆயினும் தரவு இழப்புக்கு அது மருந்தாகாது. மொழியை மாற்றினாலும், எழுத்தளவைக் கூட்டினாலும், இருள்நிறத் தோற்றத்திற்குச் சென்றாலும் ஆண்ட்ராய்டு ஆக்டிவிட்டியை மீண்டும் உருவாக்கும். நினைவகம் குறைந்த கருவியில் ஒளிப்படச் செயலி திறக்கும்போது, பின்னே சென்ற படிவச் செயலி நிறுத்தப்படவும் கூடும். திரைத் திருப்பம் இத்தகைய இடையூறுகளுள் கண்ணுக்குத் தெரியும் ஒன்றே. அதனை மட்டும் தடுப்பது, மேற்கூரையில் ஒழுகும் இடத்தை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. சக்கர நாற்காலியில் கருவியைக் கிடையாகப் பொருத்தியிருக்கும் மாற்றுத்திறனாளியால் அதனைத் திருப்ப இயலாது. அவர்க்கு நெடுக்குநிலைப் பூட்டு என்பது அடைத்த கதவு. 2018 ஆம் ஆண்டு வெளியான இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 2.1 பதிப்பு, இன்றியமையாத காரணமின்றி ஒரே திசைநிலைக்குக் கட்டுப்படுத்துதல் கூடாது என்கிறது. இது மொழிவது இணையத்திற்கு. எனினும் செயலி வடிவமைப்போரும் இதனைப் பின்பற்றத்தக்கதாகக் கொள்கின்றனர். 2025 ஆம் ஆண்டு வெளியான ஆண்ட்ராய்டு 16, தன்னை இலக்காகக் கொண்டு எழுதப்படும் செயலிகள், குறுகிய பக்கமே 600 டிபி அல்லது அதற்கு மேல் உள்ள பெரிய திரைகளில் இயங்கும்போது, அவை இட்ட திசைப் பூட்டைப் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு.

சோதித்து அறிதல்

மேசையில் அமர்ந்து, விலையுயர்ந்த கருவியில், நெடுக்குநிலையில் மட்டும் சோதிக்கப்படும் செயலியில் இப்பிழைகள் வெளிப்படுவதில்லை. படிவத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கருவியைத் திருப்பிப் பார்த்தல், எழுத்தளவை மிகப் பெரிதாக்கிப் பார்த்தல், திரையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தல், பாதி நிரப்பிய நிலையில் வேறு செயலிக்குச் சென்று திரும்புதல் ஆகிய நான்கும் தவிர்க்கலாகாச் சோதனைகள். ஆண்ட்ராய்டில் நிரலாளர்க்கான அமைப்புப் பகுதியில், பயனர் ஒரு திரையை விட்டு அகன்றவுடனேயே அதன் ஆக்டிவிட்டியை அழித்துவிடச் செய்யும் தெரிவு ஒன்று உண்டு. அதனை இயக்கிச் சோதித்தால், காக்கத் தவறியவை உடனே புலப்படும்.

பயனர் ஒருமுறை தந்த தகவலை இரண்டாம் முறை கேட்காதிருத்தல் செயலிக்கு உரிய பண்பு. நகரத்தில், வேகமான இணைப்பும் புதிய கருவியும் உடையவர்க்கு, ஒரு படிவத்தை மீண்டும் நிரப்புவது சில நிமிட எரிச்சல். கரிசல் காட்டில், 72 மணி நேரக் கெடு ஓடிக்கொண்டிருக்க, பழைய கருவியுடன் நிற்பவர்க்கு அது ஓராண்டு உழைப்பிற்கான ஈடு கிடைக்குமா, கிடைக்காதா என்னும் வினா. இனிவரும் காலத்தில் செயலிகளை எழுதப்போகும் மாணவர்கள், திரைகளின் அழகோடு அவற்றைக் கையில் ஏந்துவோரின் நிலையையும் எண்ணி எழுதுதல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

ஆண்ட்ராய்டு இயங்குதளத்துடன் விற்பனைக்கு வந்த முதல் திறன்பேசி, 2008 ஆம் ஆண்டு வெளியான எச்டிசி ட்ரீம் ஆகும். அதன் திரையைத் தள்ளினால் கீழிருந்து விசைப்பலகை வெளிப்படும். உடனே திரை கிடைநிலைக்கு மாறும். திரை திரும்புதலைக் கையாளும் தேவை ஆண்ட்ராய்டு செயலிகளுக்குத் தொடக்கம் முதலே இருந்து வந்துள்ளது.

கற்பவை கற்றபின்…

1. நீங்கள் பயன்படுத்தும் செயலி ஒன்றில் ஒரு படிவத்தைப் பாதி நிரப்பிக் கருவியைத் திருப்புங்கள். எவை நிலைத்தன, எவை மறைந்தன என்பதைப் பட்டியலிடுக.

2. 720 படப்புள்ளி அகலமும் 1600 படப்புள்ளி உயரமும், அங்குலத்திற்கு 320 என்னும் அடர்த்தியும் கொண்ட கருவியின் அளவுகளை டிபி அலகில் கணக்கிடுக. நெடுக்குநிலையிலும் கிடைநிலையிலும் அதன் சாளரம் எவ்வகை அகலத்தில் அடங்கும் எனக் கூறுக.

3. உங்கள் ஊர் மக்களுக்குப் பயன்படும் செயலி ஒன்றின் திரையை, குறுகிய சாளரத்திற்கும் அகன்ற சாளரத்திற்கும் தனித்தனியே வரைந்து, தமிழ்ச் சொற்களை இட்டு வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

4. ‘திசைப் பூட்டு பயனரின் உரிமையைக் குறைக்கிறது’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.